காப்புரிமை இல்லாவிட்டால் கண்டுபிடிப்புகள் பெருகுமா, குறையுமா?

பொறிவாளன்:
குறையாது என்பேன். ஜேம்ஸ் வாட் 1769இல் நீராவி எஞ்சினில் தான் செய்த மேம்பாட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அதை 1800 வரை நீட்டித்தது. 31 வருடம்! இடையில் எஞ்சின் செய்த ஹார்ன்புளோவர் போன்ற பொறியாளர்களோடு வழக்கு. வாட்டுக்கே அடி விழுந்ததும் உண்டு. முன்பின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் இன்னொருவர் காப்புரிமையில் இருந்ததால் சுற்றுவழி தேட வேண்டி வந்தது.

நீலவானம்:
அந்தச் சுற்றுவழியும் ஒரு கண்டுபிடிப்புதானே நண்பரே? சூரியனைக் கோள் சுற்றுவதுபோல் ஒரு பல்சக்கரத்தை இன்னொன்று சுற்றும் அமைப்பு. கதவு அடைபட்டதால் பிறந்தது.

காப்புரிமைக்கு மாற்று சுதந்திரம் என்று நினைக்கிறீர்கள். பல நேரம் அது ரகசியம்தான். பிரசவம் பார்த்த சேம்பர்லன் என்ற மருத்துவக் குடும்பம், குழந்தையை வெளியே எடுக்க உதவும் பிரசவ இடுக்கியை நூறு வருடத்துக்கு மேல் வெளியே காட்டவில்லை. பெரிய பெட்டியில் மூடி எடுத்துப் போவார்களாம், தாயின் கண்ணையும் கட்டிவிடுவார்களாம். அந்த வருடங்களில் எத்தனை தாய்மார், எத்தனை குழந்தைகள்! எப்படிச் செய்தாய் என்று எழுதிக் கொடு, 20 வருடம் உனக்கு, அப்புறம் எல்லோருக்கும். காப்புரிமை என்பது இந்த ஒப்பந்தம்தான்.

பொறிவாளன்:
இடுக்கி விஷயம் மனதைத் தைக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கடைசியில் நிலைத்தது கிராங்குதான், பல்சக்கரம் இல்லை. நல்ல மூளை வேலியைச் சுற்றிப் போக வழி தேடியே செலவானது. என் மேசையில் ஒரு முப்பரிமாண அச்சு இயந்திரம் இருக்கிறது. பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கடுக்காகப் படிய வைக்கும். அந்த முறையின் அடிப்படைக் காப்புரிமை 2009இல் காலாவதியானது. வீட்டில் வாங்கி வைக்கும் விலைக்கு இவை பெருகியது அதற்குப் பிறகுதான்.

கமலி:
இருவரும் இயந்திரத்தையே பேசுகிறீர்கள். மருந்தைப் பாருங்கள். மூலக்கூறு தெரிந்துவிட்டால் நகலெடுப்பது பெரும்பாலும் எளிது. பாதுகாப்பானது, வேலை செய்கிறது என்று நிரூபிக்கத்தான் பல வருடமும் பெரும் பணமும். அந்த 20 வருடமோ விண்ணப்பித்த நாளிலிருந்தே ஓடுகிறது, கடைக்கு வரும்போது பாதி போயிருக்கும். இதே 20 வருடம் மென்பொருளுக்கு என்றால் ஒரு யுகம். எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல் வைத்ததுதான் கோளாறு என்பேன்.

பொறிவாளன்:
இதில் உங்களோடு உடன்படுகிறேன் கமலி. மென்பொருளுக்கு 5 வருடம் போதும்.

நீலவானம்:
போதும் என்றே வைப்போம். தானியங்கி இன்சுலின் பம்ப் எந்தக் கணக்கில் வரும்? எவ்வளவு மருந்து போக வேண்டும் என்று முடிவு செய்வது உள்ளே இருக்கும் மென்பொருள். அதற்கு 5 வருடமா, 20 வருடமா? இதற்குப் பதில் சொல்லுங்கள், நானும் உங்கள் பக்கம் வருகிறேன்.