வரிகளை ஒட்டப் போய் சொற்கள் உடைந்தன

வெள்ளவத்தையிலிருந்து:

எங்கள் கோயிலின் பழைய கும்பாபிஷேக மலரைக் கணினியில் ஏற்றும் வேலை என்னிடம் வந்தது. ஸ்கேன் செய்து, படத்திலுள்ள எழுத்தை வாசித்துக் கோப்பாக்கும் டெசராக்ட் (Tesseract) நிரலில் போட்டேன். எழுத்துகள் நன்றாகவே வந்தன. ஆனால் அச்சில் வரி முடிந்த இடத்திலெல்லாம் கோப்பிலும் வரி முடிந்திருந்தது. பந்தி பந்தியாக ஒட்ட வேண்டும்.

ஓர் எழுத்தை இன்னொன்றாக மாற்றும் டிஆர் (tr) கட்டளையால் புதுவரிக் குறிகளை இடைவெளியாக்கினேன். முழு மலரும் ஒரே வரியானது. பந்திகளும் கலந்துபோனதால் பழைய கோப்பையே மறுபடி எடுத்து, உரையைப் பதிவு பதிவாகக் கையாளும் ஆக் (awk) நிரலில் போட்டேன். அதில் பதிவுகளைப் பிரிக்கும் குறியைச் சொல்லும் ஆர்எஸ் (RS) மாறியை வெறுமையாக விட்டால், வெற்று வரியால் பிரிந்த ஒவ்வொரு பந்தியையும் ஒரு பதிவாக எடுக்கும். பந்திக்குள் இருந்த புதுவரிகளை ஆக்கின் மாற்றுக் கட்டளையான ஜிசப் (gsub) இடைவெளியாக்கியது. சரி, முடிந்தது என்று நினைத்தேன்.

வாசித்தபோதுதான் வயிறு கலங்கியது. "கொழும்பி ல்", "அடியா ர்கள்". பழைய தமிழ் அச்சில் வரி முடிவில் கோடு போடாமலே சொல்லை வெட்டியிருப்பார்கள். ஆங்கிலத்தில் அந்தக் கோட்டைத் தேடினால் போதும். நமக்கு விடை இலக்கண வகுப்பில் இருந்தது: மொழிமுதல் எழுத்துகள். ண, ள, ழ, ற, ன தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வரமாட்டா. புள்ளி வைத்த மெய்யும் வராது. அடுத்த வரி இவற்றில் தொடங்கினால், அது முந்தைய சொல்லின் வால். தேடி மாற்றும் நிரலான குனூ செட்டுக்கு (GNU sed) இஸட் விருப்பம் (-z) கொடுத்தால் கோப்பு முழுவதையும் ஒரே துண்டாகப் பார்க்கும். அதில் இந்த எழுத்துகளுக்கு முன்னால் உள்ள புதுவரிகளை மட்டும் முதலில் நீக்கினேன், பிறகே ஆக். கோயில் மலர் என்பதால் புள்ளி எழுத்தில் தொடங்கும் ஸ்ரீ, க்ஷேத்திரம் எல்லாம் நிறைய வரும், அவற்றை இந்த விதியிலிருந்து விலக்கிவிட்டேன்.

"திருவிழா வில்" போன்றவை இந்த விதியில் சிக்கவில்லை. அவற்றுக்கு அம்மா பக்கத்தில் இருந்து அச்சுப் பிரதியை வாசிக்க, நான் கையால் திருத்தினேன். நான்கு இரவுகள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

அண்ணா, எனக்கு ஆக் பந்திகளையே பிரிக்கவில்லை. விண்டோஸில் சேமித்த கோப்பு அது. வெற்று வரி போலத் தெரிந்த ஒவ்வொன்றிலும் விண்டோஸ் வரி முடிவில் சேர்க்கும் கேரேஜ் ரிட்டர்ன் குறி ஒன்று ஒளிந்திருந்தது, அதனால் ஆக்குக்கு அது வெற்று வரியே இல்லை. டிஆருக்கு நீக்கச் சொல்லும் டி விருப்பம் (-d) கொடுத்து அதை நீக்கிய பிறகு ஓடியது.

அதே துணிச்சலில் டிஆரிடம் ஒரு 'ண'வை நீக்கச் சொன்னேன், கோப்பே சிதைந்தது. குனூவின் டிஆர் பைட் பைட்டாகத்தான் பார்க்கும். கோப்பின் எழுத்துக் குறியாக்கமான யூடிஎஃப்-8இல் 'ண' ஒன்றுக்கே 3 பைட், அதன் முதல் பைட் எல்லாத் தமிழ் எழுத்துக்கும் பொது. தமிழ் எழுத்தில் கைவைக்கும் வேலையைச் செட்டிடமே கொடுங்கள்.