பிரைட்னர் கணக்காகத்தான் போகிறது, நிக்கல் ஏன் நொறுங்குகிறது?

கேள்வி:
வாட்ஸ் நிக்கல் முலாம், 800 லிட்டர் தொட்டி. நிக்கல் சல்பேட் லிட்டருக்கு 270 கிராம், குளோரைடு 50, போரிக் ஆசிட் 42. பிஹெச் 4.2, சூடு 55 டிகிரி. சாக்கரின் 3 கிராம். பிரைட்னரான (பளபளப்பு தரும் சேர்மம்) பியூட்டைன்டையால், ஓடிய கரண்டைக் கணக்கிடும் ஆம்பியர்-அவர் மீட்டர் சொல்கிறபடி போகிறது. பளபளப்புக்குக் குறையில்லை, ஆனால் ஜாபை வளைத்தால் படிவு வெடிக்கிறது, குழிவான இடமெல்லாம் கறுப்பு. சாக்கரினை ஏற்றலாமா?

பதில் 1:
வேண்டாம், 3 கிராம் போதும். சாக்கரின் கேத்தோடில் (முலாம் ஏறும் ஜாப்) ஒட்டி உடையும்போது அதன் கந்தகம் படிவுக்குள் போய், படிவை வெடிக்க வைக்கும் உள் இழுவிசையைத் தணிக்கிறது. மிச்சம் பென்சமைடு, டொலுயீன் சல்ஃபோனமைடு என்று கரைசலிலேயே கிடக்கும். பியூட்டைன்டையால் வேறு ரகம்: அதன் முப்பிணைப்பு ஹைட்ரஜனை வாங்கிப் பியூட்டீன்டையால், பியூட்டேன்டையால் ஆகிறது, கொஞ்சம் கார்பன் படிவில் சிக்குகிறது. மேட்டுக்கு அது அதிகம் வந்து சேர்ந்து அங்கே நிக்கலைத் தடுப்பதால்தான் பள்ளம் நிரம்புகிறது. அளவு மீறினால் இழுவிசை ஏறும், கரண்ட் குறைந்த மூலை கறுக்கும். மீட்டருக்குத் தெரிவது கரண்ட் மட்டுமே. தொட்டியில் சேர்ந்த கழிவு அதற்குத் தெரியாது.

பதில் 2:
கறுப்பு செம்பு, துத்தநாகத்தாலும் வரும். முதலில் பீக்கரில் பாருங்கள்: 500 மில்லிக்கு 2 கிராம் கந்தகமில்லாத கார்பன் பவுடர், 60 டிகிரியில் ஒரு மணி நேரம் கலக்கி வடிகட்டி, ஹல் செல்லில் (ஒரே தகட்டில் பல கரண்ட் அளவுகளைக் காட்டும் சிறு சோதனைத் தொட்டி) 267 மில்லி, 2 ஆம்பியர், 10 நிமிடம். பிரைட்னர் போயிருக்கும், தகடு மங்கலாகத்தான் வரும், அதை விடுங்கள். கறுப்பு நின்றால் உலோகக் கலப்பு: நெளித்த தகட்டில் சதுர டெசிமீட்டருக்கு 0.2 முதல் 0.5 ஆம்பியரில் டம்மி ஓட்டுங்கள், கலப்பு உலோகம் அந்தத் தகட்டில் ஏறிவிடும்.

கறுப்பு போய்விட்டால் காரணம் பிரைட்னர் கழிவு; கரைசலைத் தனித் தொட்டிக்கு மாற்றி, லிட்டருக்கு 1 முதல் 2 மில்லி 35% பெராக்சைடை நீர்த்து மெதுவாக ஊற்றிக் கலக்குங்கள். பிறகு 65 டிகிரிக்கு ஏற்றுங்கள். பெராக்சைடு மிச்சமிருந்தால் நீலமாகும் ஸ்டார்ச்-அயோடைடு தாள், நீலமாகாத நிலைக்கு வந்தபின்தான் கார்பன், 3.2 கிலோ. அவசரப்பட்டால் நுரைத்துப் பொங்கும். ராத்திரி முழுக்கப் படியவிட்டு வடிகட்டுங்கள். வாயுக் குமிழ் ஜாபில் ஒட்டாமல் தடுக்கும் வெட்டிங் ஏஜென்டும் கார்பனோடு போய்விடும். திரும்பப் போடாவிட்டால் ஊசிக்குழி. சாக்கரினில் ஒரு பங்கு தங்கிவிடும், ஆகவே அளந்து பார்க்காமல் சேர்க்காதீர்கள்.

பதில் 3:
டூப்ளெக்ஸ் (செமி-பிரைட் நிக்கல் மேல் பிரைட் நிக்கல் என இரண்டு அடுக்கு) போடுகிறீர்களா? வடிகட்டியை செமி-பிரைட் தொட்டியோடு பங்குபோடாதீர்கள். அங்கே சாக்கரின் நுழைந்தால் கந்தகம் ஏறும், இரண்டு அடுக்குக்கும் இருக்க வேண்டிய 100 மில்லிவோல்ட் வித்தியாசம் குறையும். அரிப்பு பிரைட் அடுக்கிலேயே பக்கவாட்டில் ஓடாமல் நேராக அடிஉலோகத்துக்கு இறங்கிவிடும்.