அம்மாவுக்கு பெட் (PET) ஸ்கேன்: எடுத்தவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். அம்மாவுக்கு 68 வயது, மதுரை. கொஞ்ச காலமாகக் கேட்டதையே திரும்பக் கேட்கிறார், பால் கணக்கு குழம்புகிறது. பி12, தைராய்டு சரி. எம்ஆர்ஐயில் கட்டியோ பக்கவாதத் தடமோ இல்லை. நினைவுகளைப் பதியவைக்கும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸ் மட்டும் லேசாகச் சுருங்கியிருக்கிறதாம். வயதாலா, அல்சைமரின் தொடக்கமா என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். மூளையில் எந்தப் பகுதி குளுக்கோஸைக் குறைவாக எடுக்கிறது என்று பார்க்க எஃப்டிஜி (குளுக்கோஸ் போன்ற கதிரியக்க மருந்து) ஏற்றி எடுக்கும் பெட் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்.

அம்மாவுக்குச் சர்க்கரை வேறு. வெறும் வயிற்றில் போகவேண்டுமே, மாத்திரையை எப்படிச் சமாளித்தீர்கள்? முடிவு வந்தபின் சிகிச்சை ஏதாவது மாறியதா? அல்சைமரில் மூளையில் படியும் அமிலாய்டு புரதத்தைக் காட்டும் அமிலாய்டு பெட் எடுத்தவர்கள் இருந்தால் செலவையும் சொல்லுங்கள். வல்லாரை லேகியம் மட்டும் வேண்டாம், சொந்தக்காரர்கள் தந்ததே அலமாரி நிறைய இருக்கிறது.