கட் சொன்ன பிறகு வரும் பத்து நொடி

நான் இயக்கிய முதல் குறும்படம் 12 நிமிடம் ஓடும். இரண்டு நாள் படப்பிடிப்பு, 46 ஷாட். எந்த லென்ஸ், கேமரா எங்கே, யார் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று எல்லாவற்றையும் நோட்டில் வரைந்து வைத்திருந்தேன். ‘ஆக்‌ஷன்’ சொல்லும் வரைக்கும் செய்ய வேண்டியது அத்தனையும் அதில் இருந்தது. ‘கட்’ சொன்ன பிறகு இயக்குநருக்கு என்ன வேலை என்பதை மட்டும் நான் யோசிக்கவே இல்லை. அதில்தான் அடிபட்டேன்.

முதல் நாள் மதியம் அறைக்குள் ஒரு காட்சி. வீட்டை விட்டுப் போன மகன் எழுதிய கடிதத்தை அம்மா படித்துவிட்டு மடித்து வைக்கிறார். வசனம் கிடையாது. அறை சின்னது என்பதால் மானிட்டரைப் பக்கத்து அறையில் வைத்துவிட்டு நானும் அங்கேயே உட்கார்ந்துகொண்டேன்.

முதல் டேக் அருமையாக வந்தது. கடைசியில் ஃபோக்கஸ் மட்டும் கொஞ்சம் நழுவிவிட்டது. ‘கட்’ என்று குரல் கொடுத்துவிட்டு ஒளிப்பதிவாளரைக் கூப்பிட்டேன். எடுத்ததைத் திரும்ப ஓடவிட்டு இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தோம். மூன்று, நான்கு நிமிடம் போயிருக்கும். அப்புறம் அங்கிருந்தே ‘ஒன் மோர்’ என்றேன். எதற்காக இன்னொரு டேக் என்று நடித்தவரிடம் யாருமே சொல்லவில்லை.

தன்னிடம்தான் ஏதோ குறை என்று அவர் நினைத்துக்கொண்டார். இரண்டாவது டேக்கில் அழுகையைக் கூட்டினார். எனக்கு அது பிடிக்கவில்லை, ‘கொஞ்சம் குறைச்சுக்கலாம்’ என்றேன். அடுத்ததில் ரொம்பவே குறைந்துவிட்டது, ‘இன்னும் கொஞ்சம் சோகம் வேணும்’ என்றேன். ஆறாவது டேக்கில் அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை. முதல் டேக்கில் பார்த்த அம்மா எங்கே போனார் என்று எனக்குப் புரியவில்லை.

உதவி இயக்குநராக இருந்த தம்பி காதோரம் வந்து சொன்னான்: “அண்ணா, நீங்க கட் சொன்னதும் அக்கா கதவைத்தான் பார்க்கறாங்க. வருவீங்கன்னு நிக்கறாங்க.”

அந்த நிமிடம் எனக்கு உடம்பு கூசியது. எழுந்து உள்ளே போனேன். “அம்மா, முதல் டேக்கே சரியா இருந்தது. தப்பு எங்க ஃபோக்கஸ்ல. அதை உங்ககிட்ட அப்பவே சொல்லியிருக்கணும், மன்னிச்சுக்கோங்க” என்றேன். அவர் தோள் அப்படியே இறங்கியது. அடுத்த டேக்குக்கு முன்னால் அழுகை, சோகம் எதையும் பற்றிப் பேசவில்லை. ஒரு வேலை கொடுத்தேன்: “பக்கத்து அறையில உங்க கணவர் இருக்கார். அவர் வர்றதுக்குள்ள கடிதத்தை மடிச்சு வைக்கணும். காகிதம் மடியற சத்தம்கூட அவருக்குக் கேட்கக் கூடாது.” மானிட்டரை விட்டுவிட்டு கேமராவுக்கு அடியில், லென்ஸுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். விரல்கள் மெதுவாக, ஒவ்வொரு மடிப்பாக அழுத்தின. அவர் மூச்சை அடக்கிக்கொண்டதை நான் பார்த்தேன். படத்தில் இருப்பது அந்த ஏழாவது டேக்தான்.

‘சோகமாக இருங்கள்’ என்பது நடிப்பவரால் செய்யக்கூடிய காரியமே இல்லை. சத்தம் வராமல் மடிப்பது செய்யக்கூடியது. சோகம் அதன் பின்னால் தானாக வரும். போதாததற்கு, எல்லாவற்றையும் முகத்தில்தான் காட்ட வேண்டும் என்றும் இல்லை. ஒரே முகத்தை ஒரு கிண்ணம் சூப்போடும் ஒரு சவப்பெட்டியோடும் மாற்றி மாற்றி ஒட்டிக் காட்டினால், பார்ப்பவர்கள் அந்த முகத்தில் பசியையும் துக்கத்தையும் தாங்களே கண்டுகொள்கிறார்கள் என்று நூறு வருடத்துக்கு முன்பே ரஷ்யாவில் குலெஷோவ் என்ற இயக்குநர் செய்து பார்த்துவிட்டார். இதைப் படித்துவிட்டுத்தான் படமெடுக்கப் போனேன். ஆனாலும் ஸ்பாட்டில் பதற்றம் வந்ததும் ‘இன்னும் சோகம்’ என்றுதான் வாய் சொன்னது.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள். இயக்குநராக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

* * *

நான் ஒலிப்பதிவு செய்கிறவன். கட் சொன்ன பிறகு என்பதற்கு முன்னால், கட்டை எப்போது சொல்வது என்று ஒன்று இருக்கிறது. அது எனக்குத் தினமும் வரும் பிரச்சினை.

ஒரு குறும்படத்தில் இயக்குநர் கடைசி வசனம் முடியும் முன்பே ‘கட், சூப்பர்’ என்று கத்திவிடுவார். சந்தோஷத்தில்தான். ஆனால் கடைசிச் சொல்லின் மேலேயே அவர் குரல் ஏறிவிடும். வசனம் முடிந்த பிறகு நடிப்பவர் கண்ணில் ஒன்று நிகழுமே, அதுவும் கிடைக்காது. எடிட்டிங்கில் அந்தக் காட்சிகளில் மூச்சு விட இடமே இல்லாமல் போனது. பாதி வசனங்களை மறுபடியும் டப்பிங் செய்தார்கள். வசனம் முடிந்ததும் மனதுக்குள் மூன்று எண்ணிவிட்டு கட் சொல்லுங்கள். பல நேரம் அந்த மூன்று நொடியில்தான் நடிப்பவர் எழுதி வைக்காத ஒன்றைச் செய்வார்.

இன்னொரு படத்தில் ஒரு பெண் இயக்குநர். ஒவ்வொரு டேக் முடிந்ததும் என் பக்கம் திரும்பி ‘சவுண்ட் ஓகேவா?’ என்று கேட்பார். இல்லை என்றால், ஏன் என்று ஒரு கேள்வி மட்டும். மேலே விமானம் போனது என்றேன், மைக் சட்டையில் உரசியது என்றேன். ஒரு தடவைகூட ‘டப்பிங்ல பார்த்துக்கலாம்’ என்று அவர் சொல்லவில்லை. ஒவ்வொரு இடத்தை விட்டுக் கிளம்பும் முன்பும் எல்லோரையும் அசையாமல் நிற்க வைத்து, அந்த அறையின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம் பதிவு செய்யவிட்டார். இயக்குநரே அசையாமல் நின்றால் மற்றவர்களும் நிற்பார்கள். இயக்குநர் போனை எடுத்துப் பார்த்தால், எல்லோர் கையிலும் போன் வந்துவிடும்.

ஒரு சின்ன வித்தையும் சொல்லிவிடுகிறேன். இரைச்சலுக்காக வீட்டுக்காரரின் ஃபிரிட்ஜை அணைத்தால் உங்கள் வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள். மறுபடி அதைப் போடாமல் உங்களால் வீட்டுக்குப் போக முடியாது.

‘ஆக்‌ஷன்’ என்று கத்தவும் தேவையில்லை. ஹாலிவுட் நடிகரும் இயக்குநருமான கிளின்ட் ஈஸ்ட்வுட் மிக மெல்லிய குரலில்தான் ஆரம்பிக்கச் சொல்வார். குதிரைகள் வரும் தொலைக்காட்சித் தொடரில் நடித்த காலத்தில் அந்தக் கத்தலைக் கேட்டுக் குதிரைகள் மிரண்டதைப் பார்த்திருக்கிறார். மனிதர்களும் மிரளத்தான் செய்கிறார்கள்.

* * *

நான் ஐந்து குறும்படங்களில் உதவி இயக்குநராக இருந்திருக்கிறேன். கையில் கடிகாரத்தோடு நிற்கிற வேலை. அதனால் நான் சொல்வதும் நேரத்தைப் பற்றித்தான்.

வெளிப்புறக் காட்சி. இரண்டு தோழிகள் பிரிகிறார்கள். ஒன்பது ஷாட் பாக்கி, வெளிச்சம் இன்னும் நாற்பது நிமிடம்தான் நிற்கும். நான் போய் இயக்குநரிடம் சொன்னேன். அந்த அக்கா கோபப்படவில்லை, ‘சீக்கிரம் சீக்கிரம்’ என்று யாரையும் விரட்டவும் இல்லை. படிக்கட்டில் உட்கார்ந்து நோட்டைப் பார்த்தார். அப்புறம் மூடி வைத்துவிட்டு என்னிடம் கேட்டார்: “இந்தக் காட்சியில பார்க்கறவங்களுக்குக் கட்டாயம் தெரிய வேண்டியது எது?” போகிறவள் திரும்பிப் பார்ப்பதில்லை, அதுதான் என்றேன். “அப்போ ரெண்டு ஷாட் போதும்” என்றார்.

முதலில் வைட், அதாவது தூரத்திலிருந்து எல்லாம் தெரியும் ஷாட். இருவரும் நடந்து வந்து, நின்று, ஒருத்தி போகிறாள். முழுக் காட்சியும் ஒரே ஷாட்டில். பின்னால் ஆகாயம் தெரிகிறதே, அதற்கு நிஜ வெளிச்சம் வேண்டும். நிற்கிறவளின் க்ளோசப்பைக் கடைசிக்குத் தள்ளினார், சூரியன் போனாலும் ஒரு சின்ன விளக்கை வைத்துச் சமாளித்துவிடலாம் என்பதால். அப்படியேதான் நடந்தது. க்ளோசப் எடுக்கும்போது கிட்டத்தட்ட இருட்டிவிட்டது, படத்தில் அது தெரியவில்லை. அவசரத்தில் அந்த க்ளோசப்புக்கு கேமராவை எதிர்ப்பக்கம் வைக்கப் போனார்கள். இருவரையும் இணைக்கும் ஒரு கற்பனைக் கோட்டின் ஒரே பக்கம்தான் கேமரா இருக்க வேண்டும், அதை 180 டிகிரி கோடு என்பார்கள். எதிர்ப்பக்கம் வைத்திருந்தால் அந்தக் கோட்டைத் தாண்டி, நிற்கிறவளும் போகிறவள் பார்த்த பக்கமே பார்ப்பது போல ஆகியிருக்கும். நான் சொன்னேன், உடனே மாற்றினார். உதவி இயக்குநர் சொல்லி நாம் கேட்பதா என்ற எண்ணம் அவரிடம் இல்லவே இல்லை.

இதற்கு நேர் எதிராகவும் பார்த்திருக்கிறேன். காலையில் கதவு திறக்கும் ஒரு ஷாட்டுக்கே 14 டேக். மாலையில் கதையின் முக்கியமான காட்சிக்கு நேரமில்லை. அந்தப் படம் இன்றுவரை முடியவில்லை. அதில் உழைத்த அத்தனை பேரையும் நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது.

* * *

நடிக்கிறவனாக ஒன்று சொல்கிறேன், சின்னதுதான்.

ஒரு சண்டைக் காட்சி, அப்பாவும் மகனும். வசனம் இரண்டு பேருக்கும் மனப்பாடம். மூன்று டேக் போயும் ஏதோ நாடகம் பார்ப்பது போலவே இருந்தது. இயக்குநர் எல்லோர் முன்னாலும் ஒன்றும் சொல்லவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அப்பா பொய் சொல்றார்னு உனக்கு நேத்தே தெரியும்” என்றார். அப்பாவாக நடித்தவரிடமும் போய் ஏதோ சொன்னார். நான்காவது டேக்கில் அவர் என்னைப் பார்த்துக் கனிவாகச் சிரித்தார். எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது! வசனத்தில் ஒரு எழுத்து மாறவில்லை, காட்சியே வேறாகிவிட்டது. அவரிடம், “உங்க பொய்யைப் பையன் நம்பிட்டான்” என்று சொல்லியிருக்கிறார் என்று பேக்கப் ஆன பிறகுதான் தெரிந்தது.

அந்த இயக்குநரிடம் பிடித்த இன்னொன்று: என் க்ளோசப் எடுக்கும்போது அப்பாவாக நடித்தவரை கேமராவுக்குப் பக்கத்திலேயே நின்று வசனம் சொல்ல வைத்தார். வேறு படங்களில் யாராவது ஒருவர் தாளைப் பார்த்து வாசிப்பார். சுவரைப் பார்த்துச் சண்டை போடுவது எவ்வளவு கஷ்டம் என்று நடித்தவர்களுக்குத்தான் தெரியும்.

* * *

எல்லோருக்கும் நன்றி. முதலில் எழுதியவன்தான் மறுபடியும் வந்திருக்கிறேன். மூன்று எண்ணிவிட்டு கட் சொல்வது எனக்குப் புதிது, அடுத்த படத்திலிருந்து கட்டாயம் செய்வேன்.

இரண்டாவது படத்தில் நான் மாற்றிக்கொண்டதையும் எழுதிவிடுகிறேன். கட் சொன்னதும் முதலில் நடித்தவரிடம் போகிறேன். சரியாக வந்ததா, இன்னொரு தடவை வேண்டுமா, வேண்டுமென்றால் குறை கேமராவிலா நடிப்பிலா என்பதை ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன். கேமராவிடமும் சவுண்டிடமும் கேட்பது அதற்குப் பிறகுதான்.

ஆனால் அதிலும் ஒரு தப்பு செய்தேன். வயதில் மூத்த, அனுபவமுள்ள ஒருவர் நடித்தார். அவர் ஒரு வசனத்தை அவசரமாகச் சொன்னார். எனக்குத் தெரிந்தது. ஆனாலும் ‘இன்னொரு தடவை ஐயா’ என்று கேட்க மனம் வராமல் ‘ஓகே’ என்றேன். எடிட்டிங்கில் அந்த வசனம் வரும்போது அவர் முகத்தைக் காட்டாமல், கேட்கிறவரின் முகத்தின் மேல் ஓடவிட வேண்டியிருந்தது. அந்த ஷாட்டில் அவர் கண் எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா? அத்தனையும் வீணாகிவிட்டது. கேட்டிருந்தால் சந்தோஷமாகச் செய்து கொடுத்திருப்பார், அப்படிப்பட்ட மனிதர்.

இப்போதெல்லாம் ஓகே சொல்லும் முன், இந்த டேக்கை எங்கே ஆரம்பித்து எங்கே வெட்டுவேன் என்று மனதுக்குள் ஒரு முறை ஓட்டிப் பார்க்கிறேன். அதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் நடித்தவரைப் பார்த்து, “ஒரு நிமிஷம் இருங்க, யோசிக்கறேன்” என்று சொல்லிவிடுகிறேன்.