சியாம் ரீப்பிலிருந்து பட்டம்பாங்கிற்கு மார்ச் மாதத்தில் படகில் போக முடியுமா? முன்பணம் கொடுத்துவிட்டேன், வழி சொல்லுங்கள்

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். வரும் மார்ச் மூன்றாவது வாரத்தில், 67 வயதான என் தாயாரையும் 9 வயது மகனையும் அழைத்துக்கொண்டு கம்போடியாவுக்குச் செல்கிறேன். அங்கோர் கோயில்களைப் பார்த்து முடித்த பிறகு சியாம் ரீப்பிலிருந்து பட்டம்பாங்கிற்குத் தொன்லே சாப் ஏரி வழியாகவும், பிறகு சங்கே ஆற்றின் வழியாகவும் படகிலேயே செல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பொதுப் படகில் கூட்டம் அதிகமாக இருக்கும் என்று கேள்விப்பட்டதால், எங்கள் மூவருக்கு மட்டும் ஒரு தனிப் படகைப் பேசி, பாதித் தொகையை முன்பணமாகவும் செலுத்திவிட்டேன்.

படகுக்காரர் தரப்பிலிருந்து நேற்று ஒரு செய்தி வந்தது. "ஆற்றில் தண்ணீர் குறைவாக இருந்தால் கொஞ்ச தூரம் வண்டியில் அழைத்துப் போவோம்" என்று மட்டும் அதில் இருக்கிறது. அந்தக் கொஞ்ச தூரம் எவ்வளவு, எந்த வண்டி என்று கேட்டதற்கு "கவலைப்பட வேண்டாம்" என்று மட்டுமே பதில் வருகிறது. தாயாருக்கு முழங்கால் வலி உண்டு; நடப்பார், ஆனால் உயரமாக ஏறி இறங்க இயலாது. இந்தப் பயணத்தை வைத்துக்கொள்ளலாமா, கைவிடுவதா என்பதை இதே பருவத்தில் அந்த வழியே சென்றவர்கள் யாரேனும் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

முதல் பதில்

வணக்கம் சகோதரி. நான் சென்றது அக்டோபர் இறுதியில். என் அனுபவம் உங்கள் பருவத்துக்குப் பொருந்தாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் தண்ணீர் நிறைந்திருக்கும்போது அந்தப் பயணம் எப்படி இருக்கும் என்பதைத் தெரிந்துகொண்டால், மார்ச்சில் எதை இழக்க நேரிடும் என்பதை எடைபோட்டுப் பார்க்கலாம்.

காலை 7 மணி அளவில் புனோம் குரோம் குன்றின் அருகே படகேறினோம். ஏரிக்குள் நுழைந்ததும் கரை கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. பிரெக் தோல் மிதவைக் கிராமத்தைக் கடந்து சங்கே ஆற்றின் முகப்புக்கு வந்தபோது, ஆறு எது, வெள்ளத்தில் நிற்கும் காடு எது என்றே பிரித்தறிய முடியவில்லை. மரங்கள் கழுத்தளவு நீரில் நின்றன. நம் ஊரில் செங்கடம்பு என்று சொல்கிறோமே, அந்த மரம்தான் அங்கே மிகுதி. படகு குறுக்கு வழியில் புகுந்தபோது கிளைகள் இரு பக்கமும் உரச, முன்னால் அமர்ந்திருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டோம். வளைவுக்கு வளைவு ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டது. அப்போதெல்லாம் படகோட்டி எஞ்சினை நிறுத்தி, நீண்ட தண்டைத் தண்ணீரிலிருந்து தூக்கி, அதன் நுனியில் இருக்கும் விசிறியில் சுற்றிக்கொண்ட கொடிகளைக் கையாலேயே பிய்த்தெறிந்துவிட்டு மறுபடியும் கிளப்புவார். பத்துப் பன்னிரண்டு முறையாவது இப்படி நடந்திருக்கும். நடுவழியில் ஒரு மிதவைக் கடையில் நிறுத்திச் சோறும் பொரித்த மீனும் கொடுத்தார்கள், கழிப்பறையும் அங்கேதான். பட்டம்பாங் படித்துறையில் இறங்கியபோது ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவே ஆகியிருந்தது.

அந்தப் பயணம் மிகவும் இனிமையானது. ஆயினும் அதை இனிமையாக்கியது தண்ணீர்தான்.

இரண்டாம் பதில்

வணக்கம் அம்மா. நான் சென்றது மார்ச் கடைசியில், அதுவும் என் மனைவியுடன். ஆகவே உங்கள் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்ல முடியும்: தாயாரை அழைத்துக்கொண்டு அந்த வழியில் போக வேண்டாம்.

எங்களிடமும் "கொஞ்ச தூரம் வண்டி" என்றுதான் சொன்னார்கள். ஏரியில் எந்தச் சிக்கலும் இல்லை. ஆற்றுக்குள் நுழைந்து இரண்டு மணி நேரம் சென்ற பிறகு படகு தரைதட்டத் தொடங்கியது. முதல் இரண்டு முறை படகோட்டி மூங்கில் கழியை ஊன்றித் தள்ளிவிட்டார். மூன்றாவது முறை அவரும் அவருடைய உதவியாளரும் நானும் இறங்கித் தள்ளினோம். தண்ணீர் என் தொடையளவுகூட இல்லை, ஆனால் அடியில் இருந்த சேறு முழங்கால் வரை உள்ளே இழுத்தது. அதற்கு மேல் போக முடியாது என்று தெரிந்ததும் கரையோரக் கிராமம் ஒன்றில் நிறுத்தி, செங்குத்தான மண்கரையில் எங்களை ஏறச் சொன்னார்கள். கோடையில் சங்கே ஆற்றின் கரை இரண்டு ஆள் உயரத்துக்கு மேலே நிற்கும். படி கிடையாது; மண்ணில் வெட்டிய பிடிப்புகள் மட்டுமே. மேலே ஒரு பிக்கப் வண்டி நின்றது. ஓட்டுநர் பக்கத்து இருக்கையில் ஏற்கெனவே ஆள் இருந்ததால் நாங்கள் பின்புறத் தொட்டியில் மூட்டைகளின் மேல் அமர்ந்து, செம்மண் புழுதியில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் குலுங்கிக்கொண்டே சென்றோம். காலை 7 மணிக்குப் புறப்பட்டவர்கள் மாலை ஐந்தரை மணிக்குத்தான் ஊர் சேர்ந்தோம்.

படகோட்டி மீது எனக்கு வருத்தமில்லை. மனிதர் அன்று முழுவதும் எங்களுக்காகப் பாடுபட்டார். வருத்தமெல்லாம், பயணச்சீட்டை விற்றவர்கள் இந்த உண்மையை முன்கூட்டியே சொல்லவில்லை என்பதுதான். முழங்கால் வலி உள்ளவரை அந்தக் கரையில் ஏற்றுவதை நினைத்துப் பார்க்கவே எனக்கு அச்சமாக இருக்கிறது.

மூன்றாம் பதில்

வணக்கம். நான் சில ஆண்டுகள் கம்போடியாவில் பணிபுரிந்தவன். மேலே இருவரும் சொன்னவை இரண்டுமே உண்மை. ஒரே வழி இப்படி இரு வேறு பயணங்களாக மாறுவதற்கான காரணத்தைப் புரிந்துகொண்டால் நீங்களே முடிவெடுக்க எளிதாக இருக்கும்.

தொன்லே சாப் என்பது ஏரியின் பெயர் மட்டுமன்று. அந்த ஏரியைப் புனோம் பென் நகருக்கு அருகே மீகோங் ஆற்றுடன் இணைக்கும் ஆற்றின் பெயரும் அதுவே. ஆண்டின் பெரும்பகுதியில் ஏரியின் நீர் அந்த ஆற்றின் வழியே மீகோங்கில் சென்று கலக்கிறது. பருவமழை தொடங்கி மீகோங் பெருக்கெடுத்ததும், ஜூன் மாதத்தை ஒட்டி, ஓட்டம் திரும்பி மீகோங்கின் நீர் ஏரிக்குள் ஏறத் தொடங்குகிறது. கோடையில் ஏறத்தாழ 2,500 முதல் 3,000 சதுர கிலோமீட்டருக்குள் சுருங்கிக் கிடக்கும் ஏரி, நல்ல மழை பெய்த ஆண்டில் 15,000 சதுர கிலோமீட்டர் வரைக்கும்கூட விரிகிறது. ஒரு மீட்டர் அளவே இருந்த ஆழம் எட்டு ஒன்பது மீட்டர் ஆகிறது. நீர் மறுபடியும் வடியத் தொடங்கும் காலத்தையொட்டித்தான் நவம்பர் பௌர்ணமியில் படகுப் போட்டிகளுடன் நீர்த்திருவிழா கொண்டாடுகிறார்கள்.

இப்போது சங்கே ஆற்றுக்கு வருவோம். தென்மேற்கு மலைகளிலிருந்து இறங்கி, பட்டம்பாங் நகரின் நடுவே ஓடி, ஏரியில் விழும் ஆறு அது. வெள்ளக் காலத்தில் ஏரியின் நீரே பின்னேறி அந்த ஆற்றின் கீழ்ப்பகுதி முழுவதையும் நிரப்பிவிடுவதால் படகு மிதந்து செல்கிறது. மார்ச்சில் ஏரி பின்வாங்கிவிட, ஆற்றுக்குத் தன் சொந்த ஓட்டம் மட்டுமே மிஞ்சுகிறது. அதனால்தான் ஏரியில் தடையில்லாமல் சென்ற படகு ஆற்றுக்குள் நுழைந்ததும் தரைதட்டுகிறது. தனிப் படகு என்பதாலும் இது மாறப்போவதில்லை. சிறிய படகாக இருந்தால் இன்னும் சில வளைவுகள் கூடுதலாகச் செல்லலாம், அவ்வளவுதான். மாதக் கணக்கை மட்டும் நம்பவும் முடியாது. 2019, 2020 ஆகிய ஆண்டுகளில் வறட்சியால் மீகோங்கின் நீர் ஏரிக்குள் திரும்புவதே தாமதமாகி, ஏரி வழக்கத்தைவிட மிகக் குறைவாகவே நிரம்பியது.

ஆகவே படகுக்காரரிடம் "போக முடியுமா" என்று கேட்காதீர்கள். முடியும் என்றுதான் சொல்வார். இன்றைய நீர்மட்டத்தில் படகு எந்த ஊர் வரை செல்கிறது, அந்த இடத்தில் கரையேறப் படி உண்டா, அங்கிருந்து வரும் வண்டியில் மூவருக்கும் உள்ளே இருக்கை உண்டா, பட்டம்பாங் சேர எத்தனை மணி நேரமாகும் என்று கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். பதிலில் ஊரின் பெயர் இல்லையென்றால், அவருக்கே தெரியவில்லை என்றுதான் பொருள்.

எனக்குத் தோன்றும் மாற்று வழி ஒன்று உண்டு. பட்டம்பாங்கிற்குக் காரில் செல்லுங்கள். 6ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் சிசோபோன் வரை சென்று, அங்கிருந்து 5ஆம் எண் சாலையில் திரும்பினால் மொத்தம் ஏறத்தாழ 170 கிலோமீட்டர். மூன்றரை மணி நேரத்தில் சேர்ந்துவிடலாம். முன்பணம் கொடுத்த படகை அதற்கு முந்தைய நாள் காலையில் பிரெக் தோல் வரை மட்டும் போய்த் திரும்புவதற்குக் கேட்டுப் பாருங்கள். தொன்லே சாப் 1997ஆம் ஆண்டிலேயே யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. பிரெக் தோல் அதன் மையப் பகுதிகளுள் ஒன்று. நீர் வடியும் காலத்தில் மீன்கள் குட்டைகளில் ஒதுங்குவதால், டிசம்பர் தொடங்கி மார்ச் வரைக்கும் நீர்ப்பறவைகள் அங்கே ஆயிரக்கணக்கில் கூடுகின்றன. உங்கள் மகன் வேடந்தாங்கலுக்குப் போயிருந்தால், அங்கே பார்த்த அதே கூழைக்கடாவையும் மஞ்சள் மூக்கு நாரையையும் இங்கும் அடையாளம் கண்டுகொள்வான். படகுப் பயணத்தைக் கெடுக்கும் அதே நீர்க்குறைவுதான் பறவைகளைக் கொண்டுவந்து சேர்க்கிறது.

கண்காணிப்பு மேடைகள் மரத்தின் மேல் இருப்பதால் ஏணி ஏற வேண்டும். தாயார் கிராமத்திலேயே தங்கிக்கொள்ளட்டும். பிற்பகலில் ஏரியில் காற்று எழும், அலை அடிக்கும். நண்பகலுக்குள் திரும்பப் புறப்படுவது நல்லது. குழந்தைக்குப் பொருந்தும் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று ஏறும் முன் கண்ணால் பார்த்துவிடுங்கள். மீதிப் பணத்தை டாலரில் கொடுப்பதானால் கிழிசலோ கறையோ இல்லாத நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள். சிறு கிழிசல் இருந்தாலும் வாங்க மாட்டார்கள்.

கேட்டவர்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. ஐயா சொன்னபடியே கேள்விகளை எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து வந்த பதிலில் எந்த ஊரின் பெயரும் இல்லை. வண்டியைப் பற்றிக் கேட்டதற்குப் "பெரியவர் முன்னால் உட்காரலாம்" என்று மட்டும் இருந்தது. மகனும் நானும் எங்கே உட்காருவது என்று நான் கேட்கவில்லை; தெரிந்துவிட்டது. முன்பணத்தைத் திருப்பித் தர மறுத்தவர்கள், அதே தொகையைப் பிரெக் தோல் பயணத்துக்குக் கழித்துக்கொள்ள உடன்பட்டார்கள்.

கேட்டவர் (பயணம் முடிந்த பிறகு)

வணக்கம். திரும்பி வந்துவிட்டோம். இதே ஐயத்துடன் வேறு யாரேனும் வரக்கூடும் என்பதால் நடந்ததை எழுதிவைக்கிறேன்.

காலை ஆறரை மணிக்குப் படகேறினோம். நீர் பின்வாங்கியிருந்ததால் திறந்த ஏரியை அடையும் வரை கலங்கிய கால்வாயில் மெதுவாகச் செல்ல வேண்டியிருந்தது. படகேறும் இடத்தில் பலகை போட்டிருந்தார்கள். தாயாரை இருவர் கைப்பிடித்து இறக்கினார்கள். பிரெக் தோலில் இன்னும் சிறிய படகுக்கு மாறி, மகனும் நானும் வழிகாட்டியுடன் காட்டுக்குள் சென்றோம். அந்த ஓடையில் ஓரிடத்தில் படகின் அடி மண்ணில் உரசியபோது, இரண்டாம் பதிலில் எழுதியிருந்தது நினைவுக்கு வந்தது. மேடையிலிருந்து தொலைநோக்கியில் பார்த்தால், எதிரே இருந்த மரங்களின் உச்சிகளெல்லாம் எச்சத்தால் வெளுத்திருந்தன. கூழைக்கடாக்கள் ஒவ்வொன்றாக இறங்கும்போது கிளை தாழ்ந்து மீண்டும் நிமிர்ந்தது. மகன் நாற்பது வரை எண்ணிவிட்டு விட்டுவிட்டான்.

தாயார் அந்த நேரம் முழுவதும் மிதவை வீடொன்றில், காயவைத்த ஆகாயத்தாமரைத் தண்டில் கூடையும் பாயும் பின்னும் பெண்களுடன் அமர்ந்திருந்தார். ஒருவருக்கும் மற்றவரின் மொழி தெரியாது. நாங்கள் திரும்பியபோது தாயாரின் மடியில் பாதி பின்னிய ஒரு தட்டு இருந்தது. விளிம்பை எப்படி மடித்து முடிப்பது என்பதை ஒரு பெண் தாயாரின் விரலைப் பிடித்தே காட்டிக்கொண்டிருந்தார். அந்தத் தட்டை விலைக்கு வாங்கிக்கொண்டு நண்பகலுக்கு முன்பே புறப்பட்டோம். திரும்பும் வழியிலேயே காற்று எழுந்துவிட்டது. அரைமணி நேரம் தாமதித்திருந்தாலும் நனைந்திருப்போம்.

மறுநாள் காரில் மூன்று மணி நாற்பது நிமிடத்தில் பட்டம்பாங் சேர்ந்தோம். மாலையில் நகரத்துப் பாலத்தின் மேல் நின்று சங்கே ஆற்றைப் பார்த்தேன். நீர் வெகு கீழே, இரு பக்கமும் வெடித்த மண்கரைகளுக்கு நடுவே ஒடுங்கி ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கரையின் உயரத்தைப் பார்த்த தாயார், "இதிலா என்னை ஏற்றப் பார்த்தாய்?" என்று கேட்டார். நவம்பரில் ஒருமுறை வரலாம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.