‘யஜ்ஞால்’ என்று காதில் விழுந்தது: மலையாளத்து வேத ஒலி பற்றிய அனுபவங்கள்

திருச்சூர்ப் பக்கம் ஒரு கோயில். அதிகாலையில் மண்டபத்தில் அமர்ந்து இரண்டு நம்பூதிரிமார் புருஷ ஸூக்தம் ஓதிக்கொண்டிருந்தனர். சிறு வயதில் கும்பகோணத்தில் அதை நான் பாடம் செய்தவன். அவர்களோடு மனத்துக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். ‘தஸ்மாத் யஜ்ஞாத் ஸர்வஹுத:’ என்ற இடம் வந்தபோது ‘யஜ்ஞால் ஸர்வஹுத:’ என்று கேட்டது. பிழை என்றே நினைத்தேன். அடுத்த மந்திரமும் அதே சொற்களில்தான் தொடங்கும். இருவரும் ஒரே குரலில் மறுபடியும் ‘யஜ்ஞால்’ என்றார்கள்.

ஓதி முடித்து எழுந்த மூத்தவரிடம், “திருமேனி, அங்கே ‘த்’ அல்லவா வர வேண்டும்?” என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. “நாங்கள் உல்ஸவம் என்கிறோம், நீங்கள் உற்சவம் என்கிறீர்கள். இரண்டிலும் அந்த ‘த்’ எங்கே போயிற்று?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வி இன்றுவரை என்னை விடவில்லை. வடமொழியின் ‘த்’ வேறொரு மெய்க்கு முன் வரும் பல இடங்களில் தமிழ் அதை ‘ற்’ ஆக்கிக்கொண்டது. மலையாளம் ‘ல்’ ஆக்கிக்கொண்டது. நமக்கு உற்பத்தி, அவர்களுக்கு உல்பத்தி. நமக்குத் தற்காலிகம், அவர்களுக்குத் தால்க்காலிகம். சற்குணம், சல்குணம். கல்லும் பலகையும் சேர்ந்தால் கற்பலகை ஆகிற மொழி நம்முடையது. ‘ல்’லும் ‘ற்’றும் நாக்கின் ஒரே இடத்தில் பிறக்கும் உறவுக்காரர்கள். ஆனால் ஒன்று: பேச்சில் உற்சவம் என்றாலும் வேதம் ஓதும்போது நாம் ‘த்’தை விடுவதில்லை. அவர்கள் வேதத்துக்குள்ளும் ‘ல்’லையே ஓதுகிறார்கள். ‘ஆத்மா’ அங்கே ‘ஆல்மா’. தலைமுறை தலைமுறையாக வாய்வழியே, ஓர் எழுத்தும் பிசகக்கூடாது என்ற கண்டிப்போடு வந்த பாடம் அது. அதைப் பிழை என்று சொல்ல இப்போது எனக்கு மனம் வரவில்லை.

உங்களில் யாராவது இதை நேரில் கேட்டிருந்தால் எழுதுங்கள்.

பாலக்காட்டிலிருந்து ஒரு மறுமொழி

நான் கல்பாத்தி அக்ரஹாரத்தில் வளர்ந்தவள். எங்கள் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். வீட்டில் தாத்தா ஓதியது தமிழ்நாட்டுப் பாடம்தான். தெருவுக்கு வந்தால் எங்கள் தேர்த் திருவிழாவுக்கே பெயர் ‘ரதோல்ஸவம்’. ஒரு பக்கம் தேர் இழுக்கும் கூட்டம் ‘உல்ஸவம்’ என்று பேசிக்கொண்டிருக்கும். கோயிலுக்குள் பாராயணத்தில் ‘த்’ அழுத்தமாக ஒலிக்கும். பள்ளியில் என் தோழி வத்ஸலாவை எல்லோரும் ‘வல்ஸலா’ என்றுதான் கூப்பிட்டார்கள். பத்மநாபன் ‘பல்மநாபன்’ ஆவார். கேரளச் சமூகச் சீர்திருத்தவாதி டாக்டர் பல்ப்புவின் பெயரும் பத்மநாபன் என்பதிலிருந்து வந்ததுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ‘கங்கா’ மலையாளத்தில் ‘கெங்கா’ என்று ஒலிக்கும். ‘ரஜனி’ ‘ரெஜனி’ ஆகும். இதைக் கேட்டு முகம் சுளிக்கும் தமிழர்களைப் பார்த்திருக்கிறேன். ரெங்கநாதன் என்றும் பெலன் என்றும் எழுதியவர்கள் நாம் இல்லையா? நானும் தாத்தாவிடம் ‘ஜெய’ என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அகரத்தை வாயைத் திறந்து சொல்லும் வரை அடுத்த வரிக்குப் போக விடமாட்டார்.

கடவல்லூர் போய் வந்தவரின் மறுமொழி

நீங்கள் இருவரும் எழுத்தைப் பற்றிச் சொன்னீர்கள். நான் கையைப் பற்றிச் சொல்கிறேன்.

திருச்சூர் மாவட்டத்துக் கடவல்லூர் ஸ்ரீராமர் கோயிலில் விருச்சிக மாதத்தில், அதாவது நம் கார்த்திகையில், அன்யோன்யம் என்ற வேதப் போட்டி நடக்கும். திருச்சூர், திருநாவாய் என்ற இரண்டு யோகத்தார், அதாவது வேதம் ஓதும் குழுவினர், எதிரெதிரே அமர்ந்து ருக் வேதத்தில் ஒருவரையொருவர் சோதிப்பார்கள். முன்பிலிரிக்கல், கடந்நிரிக்கல், வலிய கடந்நிரிக்கல் என்று தேர்வுப் படிகள் உண்டு. ஒரு முறை கூட்டத்தின் ஓரத்தில் இருந்து பார்த்தேன். ஓதுகிறவரின் வலது கை ஓயவே இல்லை. ஒவ்வொரு சொல்லின் முடிவுக்கும் விரல்கள் ஒரு முத்திரை காட்டின. காதை மூடிக்கொண்டாலும் தெரிந்தவர்களுக்கு அந்தக் கை ஓதிக்காட்டும்.

நம் பக்கத்தில், சொற்களை முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றி ஓதும் கன பாடத்தின் வேகத்தில் பழகிய எனக்கு அவர்களுடைய நிதானம் முதலில் பொறுமையைச் சோதித்தது. எழுத்துகள் நீண்டு, அசைந்து, மெல்ல இறங்கின. அரைமணி நேரத்துக்குப் பிறகு காது பழகிவிட்டது.

வேதத்தை அவர்கள் ‘ஓத்து’ என்கிறார்கள். குறளில் வரும் அதே சொல். நமக்கு ஏட்டில் நின்றுவிட்டது. அங்கே குழந்தைகளின் வாயில் இருக்கிறது. மறுநாள் ஒரு மடத்தில் பாடம் நடப்பதைப் பார்த்தேன். ஏழெட்டு வயதுச் சிறுவன். எதிரே அமர்ந்த ஓதிக்கன், அதாவது வேத ஆசிரியர், அவன் தலையைக் கையால் பிடித்து, ஸ்வரம் தாழும்போது கீழே குனியவைத்தார், ஏறும்போது நிமிர்த்தினார். சிறிது நேரம் கழித்துக் கையை எடுத்துவிட்டார். தலை தானாகவே அசைந்துகொண்டிருந்தது.