பல்லை வைத்துப் பாறைக்கு வயது சொல்ல முடியுமா?

பல்லாவரத்தான்:
என் அக்கா மகள் புவியியல் படிக்கிறாள். "குதிரைப் பல் ஒன்று போதும் மாமா, அந்தப் பாறை எந்தக் காலம்னு சொல்லிடுவோம்" என்கிறாள். பல்லின் வயது எப்படித் தெரியும் என்றால், "அது கிடைத்த பாறையை வைத்து" என்கிறாள். செக்கு மாடு சுற்றுகிற மாதிரி இல்லையா?

கொசஸ்தலையான்:
இல்லை சார். அடியில் கிடக்கும் அடுக்கு பழசு, மேலே இருப்பது புதுசு. இந்த வரிசைக்கு வயதே தேவையில்லை. இமயமலை அடிவாரத்துச் சிவாலிக் அடுக்குகளை, பில்கிரிம் என்ற புவியியலாளர் நூறு வருடத்துக்கு முன்பே பாலூட்டிகளை வைத்துத்தான் சிஞ்சி, நாக்ரி, தோக் பதான் என்று பிரித்தார். ஆண்டுக்கணக்கு பிறகுதான் வந்தது, அதுவும் அவ்வப்போது தலைகீழாகும் பூமியின் காந்தத் திசை பாறையில் பதிந்திருப்பதிலிருந்தும் எரிமலைச் சாம்பலிலிருந்தும். அவை பல்லைக் கேட்டுச் சொன்ன எண்கள் அல்ல.

அதிலும் எலிப்பல்தான் கெட்டி. அண்டீமஸ் என்ற பழைய எலியிலிருந்து அதன் வழிவந்த புரோகோனோமிஸ் வரை கடைவாய்ப்பல்லின் மேடுகள் படிப்படியாக இடம் மாறிக்கொண்டே வரும். மூட்டை மூட்டையாக மண்ணைச் சல்லடையில் அலசி அதைப் பொறுக்குவார்கள். ரேஷன் அரிசியில் கல் பொறுக்குவது எவ்வளவோ தேவலை.

பல்லாவரத்தான்:
வரிசை சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஹிப்பாரியன் என்ற மூன்று விரல் குதிரை வட அமெரிக்காவிலிருந்து, அலாஸ்காவையும் சைபீரியாவையும் இணைத்திருந்த பெரிங் நிலப்பாலம் வழியாக ஆசியாவுக்கு வந்தது என்கிறார்கள். அது முதலில் தென்படும் அடுக்குக்கு எல்லா ஊரிலும் ஒரே வயது போட்டுவிட்டால், வந்து சேர எத்தனை காலம் ஆனது என்று எப்படிச் சொல்வீர்கள்? தாம்பரத்துக்கும் பீச்சுக்கும் ஒரே நேரத்தில் ரயில் வந்ததாக எழுதிவிட்டு வேகத்தைக் கணக்குப் போடுகிற கதைதான்.

கொசஸ்தலையான்:
நியாயமான கேள்வி. 1970களில் அப்படித்தான் ஒரே கோடு போட்டு, 1.25 கோடி ஆண்டு என்றார்கள். அது நிற்கவில்லை. இப்போது ஐரோப்பாவில் சுமார் 1.1 கோடி, சிவாலிக்கில் 1.08 கோடிக்குப் பக்கம். இந்த வயதுகள் அந்தந்த ஊர் அடுக்கிலேயே தனியாக எடுத்தவை. எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதற்கு வயதுகூட வேண்டாம். முன்னோர்கள் வரிசையாகக் கிடைப்பது வட அமெரிக்காவில், இங்கே திடீரென்று வந்து நிற்கிறது.

மாம்பலம் மாமி:
சென்னைக்குப் பக்கத்தில் கற்காலக் கருவிகள் கிடைத்த நம்ம அத்திரம்பாக்கத்திலும் குதிரை, நீர் எருமைப் பற்கள் கிடைத்தனவே. அதை வைத்தா கற்கருவிகளுக்கு 15 லட்சம் ஆண்டு என்றார்கள்? 2011இல் தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் சொன்னது, கல்லுக்குள் விண்கதிர் உண்டாக்கிய பெரிலியம், அலுமினிய அணுக்களை அளந்தும் காந்தத் திசையைப் பார்த்தும். அப்புறம் பல்லுக்கு என்ன வேலை?

கொசஸ்தலையான்:
கிடைத்ததே இரண்டு மூன்று பல் மாமி. இன்றைய குதிரையின் பேரினம் (ஹிப்பாரியன் அல்ல, ஈக்வஸ்) சிவாலிக்கில் தலைகாட்டுவது சுமார் 26 லட்சம் ஆண்டுக்கு முன்புதான். ஆக, அத்திரம்பாக்கம் அடுக்கு அதைவிடப் பழசாக இருக்க வாய்ப்பு குறைவு. எவ்வளவு புதுசு என்று அந்தப் பல் சொல்லாது, குதிரை இன்றும் மெரினாவில் ஓடுகிறதே.

பல்லாவரத்தான்:
அப்படியானால் "ஒரு பல் போதும்" என்றது அதிகப்படி. இன்று ராத்திரி அவளிடம் கேட்கிறேன்.

கொசஸ்தலையான்:
எந்தப் பல் என்று முதலில் கேளுங்கள் சார். எலிப்பல் என்றால் நான் அவள் கட்சி.